துளிக்குத் துளி ஒரு காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அடியேன் மருத்துவம் பயின்றவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் ஓரிரவு மருத்துவமனையில் கற்ற பாடத்தை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

என் அன்னையாருக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவில் குழாயினுள் மிளகளவு காற்றுக் குமிழி ஒன்றைக் கண்டேன். நெஞ்சு பதறியது. குழாயைக் குலுக்கினேன், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரத்தையும் திருகிவிட்டேன். விரைந்து வந்த நர்ஸ் அம்மையார் குழாயை அடைத்து, குமிழியை மேலேற்றி அகற்றினார். "சிறு குமிழி பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் கண்டால் எங்களை அழையுங்கள், நீங்கள் தொடாதீர்கள்" என்றார்.

முன்னாளில் நம் வண்டிகளில் வேக்குவம் பிரேக் இருந்ததைப் பெரியோர் அறிவர். சங்கிலியை இழுத்தால் குழாயினுள் காற்றுப் புகும். ஓடும் வண்டி நின்றுவிடும். இதயமும் அத்தகையதே. மிகுந்த காற்றுப் புகுந்தால் இரத்தம் நுரைத்து, அதைத் தள்ளமாட்டாமல் இதயம் திணறும்.

இதற்காகவே இரத்தம் ஏற்றும் குழாயில் துளி விழும் சிறு கூடு அமைந்திருக்கிறது. அதில் காற்று மேலே தங்க, இரத்தம் கீழே இறங்கும். இடையே 170 முதல் 200 மைக்ரான் கண்ணுள்ள வலை ஒன்றுண்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரானே ஆதலின் எளிதில் கடந்து செல்லும். உறைந்த கட்டிகள் தங்கிவிடும். நம் இல்லத்தரசியர் கையாளும் சல்லடையே இங்கு உயிர்காக்கிறது! தாலசீமியா நோயால் அடிக்கடி இரத்தம் பெறும் குழந்தைகளுக்கு, வெள்ளணுக்களையும் நீக்கும் வடிகட்டி உதவுகிறது. இரத்தம் ஏற்றுங்கால் வரும் காய்ச்சல் அதனால் குறைகிறது.

முன்னர் இரத்தம் கண்ணாடிப் புட்டியில் வந்தது. புட்டிக்குள் காற்றை விட்டால்தான் இரத்தம் இறங்கும். பின்னர் வந்த பிளாஸ்டிக் பையோ தானே சுருங்குவது, காற்று வேண்டா. அப்பையை நம் நாட்டிலேயே செய்யும் முறையைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் உருவாக்கினர்.

இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையில் காவல் இன்னும் கடுமையானது. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணைகொண்டு அதில் வெற்றி கண்டார். 1955-இல் ரிச்சர்டு டிவால், இரத்தத்தில் ஆக்சிஜனைக் குமிழிகளாகவே செலுத்திப் பின் அக்குமிழிகளை நீக்கும் கருவியை அமைத்தார். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் 1961-இல் அத்தகைய அறுவை நடந்தது. இன்று இரத்தம் உடலுக்குத் திரும்பும் வழியில் 40 மைக்ரான் அளவிலான வடிகட்டி நிற்கிறது. மூளையின் நுண்குழலை ஒரு குமிழியோ துகளோ அடைத்தால், உயிர் தப்பினும் பேச்சோ நினைவோ கெடக்கூடுமன்றோ?

அன்பர்களே, நோயாளிக்குத் துணையிருப்போர் விழிப்புடன் நோக்குக. ஐயம் எழுந்தால் அழைக்க. குழாயில் கை வைக்கற்க. உடல்நலமுள்ளோர் இரத்தம் ஈக. வலை கட்டியைத் தடுக்கும். ஆனால் பையை நிரப்ப மனிதரன்றோ வேண்டும்!

முகமறியா ஒருவர் ஈந்த இரத்தத்தால் நலமுற்ற என் அன்னையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வள்ளலுக்கு என் நன்றியை இம்மேடையிலேயே கூறி அமைகிறேன்.