கிழவர் பக்கம்



கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. என் பாட்டி வாராவாரம் அந்தப் பக்கங்களை ஓவியர் மணியத்தின் படங்களோடு பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் நான் அதைப் படிக்கவில்லை, ஓடினேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையோடு கிளம்பியவன், ஐந்தாம் பாகத்தில்தான் மூச்சு வாங்கினேன். வைணவர் ஆழ்வார்க்கடியான் சைவர்களிடம் வாதம் தொடங்கினால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். அவர் மன்னிக்கட்டும்.

போன மாதம், அறுபத்து மூன்றாம் வயதில், மறுபடி எடுத்தேன். சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரின் முதுமைக் கல்யாணத்தைக் கதையில் ஆளாளுக்குக் கேலி பேசுவார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் சுமந்த மனிதரைப் பார்த்து இந்த முறை சிரிப்பு வரவில்லை. காரணம் கேட்காதீர்கள், என் வீட்டம்மாவும் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

புயலில், கொள்ளிடத்தில் அவர் படகு கவிழ்கிறது. வெள்ளத்தில் அடித்துப்போய்க் கரையேறிய கிழவர் ஒரு துர்க்கை கோயிலில் ஒதுங்குகிறார். பிறகு சதிகாரன் ரவிதாசன் பேச்சு காதில் விழுகிறது. மனைவியென்று யாரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம் என்பது அந்த நேரத்தில், ஈர வேட்டியோடு, தனியாக அவருக்குப் புரிகிறது. சிறுவயதில் இந்த இடத்தில், "வந்தியத்தேவன் எங்கே?" என்று பக்கம் புரட்டியவன் நான். இப்போது விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த ரவிதாசனைக் கல்கியின் கற்பனை என்றே நினைத்திருந்தேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் இருக்கின்றன. கதை தொடங்கும் அதே ஏரிக்குப் பக்கத்து ஊர்! கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை பட்டென்று சொல்லவில்லையே என்று எனக்கு அந்த வயதில் ஒரே கோபம். கல்வெட்டிலும் பெயர்தான் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று இல்லை.

பாட்டியின் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகளே, அப்புறம் வந்து பாருங்கள். ஏரிக்கரைப் பக்கங்களில் இருப்பது என் முறுக்கு எண்ணெய்க் கறை. கொள்ளிடம் பக்கத்தில், தையல் மடிப்புக்குள், பாட்டியின் மூக்குப்பொடி இன்னும் இருக்கிறது.