ஆலை மூடினாலும் நஞ்சு மூடாது

(கடலூர், சிதம்பரம் வட்டார ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் முதுநகரைத் தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். அங்கேதான் சிப்காட் பேட்டை. அதன் பின்புறம் உப்பனாறு. சுற்றிலும் குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம் என்று நம்முடைய ஊர்கள். 1980களில் இங்கே மருந்தும் சாயமும் ரசாயனமும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. சில இன்றும் ஓடுகின்றன, சில மூடப்பட்டுவிட்டன.

நாற்றம் காற்றோடு போய்விடும். மண்ணில் இறங்கிய நஞ்சு போகுமா? போகாது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1998இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் நீதிபதி கனகராஜ் இந்த ஊர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தார். மாசுபடுத்தும் புதிய ஆலைகள் இங்கே கூடாது என்றார். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் கணக்கெடுத்து, மிக மோசமாகக் கெட்டுப்போன 43 தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் கடலூரும் ஒன்று. ஆகவே இது நம்முடைய கற்பனை அல்ல; சர்க்காரின் சொந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

மூடிய ஆலை என்ன செய்யும் என்று கேட்கலாம். ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குப் பக்கத்தில் பிச்ரி என்று ஒரு கிராமம். அங்கே சாயத்துக்கான ஓர் அமிலத்தைச் செய்தார்கள். 1989லேயே உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் சுமார் 2,400 டன் கழிவுச் சேறு அங்கேயே கிடந்தது. மழை பெய்தது, சேறு கரைந்தது, மண்ணுக்குள் இறங்கியது. 60 கிணறுகள் பாழாயின. 1996இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: கெடுத்தவனே சுத்தம் செய்யும் செலவைக் கொடுக்க வேண்டும். 37 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கானது. கட்டினார்களா? வழக்கு மேல் வழக்காக இழுத்தார்கள். 2011இல் வட்டிக்கு வட்டி போட்டுக் கட்டச் சொல்லவேண்டி வந்தது.

தீர்ப்பு வாங்குவதற்கு முன் நிரூபிக்க வேண்டும். எப்படி? அதிகாரி வருவார், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார், "தெளிவாகத்தானே இருக்கிறது" என்பார். கண்ணை நம்பாதீர்கள். குடிநீரில் காரீயத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு லட்சம் லிட்டரில் ஒரு கிராம்! இதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட நஞ்சுதான் கெட்டிப்படும்.

மண்ணை மேலாக ஒரு கை அள்ளினால் போதாது. துளை போட்டு, ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆலை வாடை படாத இடத்து மண்ணும் வேண்டும்; இல்லாவிட்டால் "இந்த ஊர் மண்ணே இப்படித்தான்" என்று கைகழுவிவிடுவார்கள்.

தண்ணீருக்குக் குறைந்தது மூன்று குழாய்க் கிணறுகள், முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். மேல்பக்கத்துக் கிணறு நன்றாயிருந்து கீழ்ப்பக்கத்துக் கிணறு கெட்டிருந்தால், நஞ்சு நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். தேங்கிய நீரை இறைத்துவிட்டுத்தான் மாதிரி பிடிக்க வேண்டும். சில கரைப்பான்கள் எண்ணெய் போல மேலே மிதக்கும். சில தண்ணீரைவிடக் கனமாகிக் களிமண் வரை இறங்கிவிடும். ஆகவே மேலேயும் பார்க்கவேண்டும், அடியிலேயும் பார்க்கவேண்டும்.

உப்பனாறோ கடல் ஏறும்போது உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும் ஆறு. ஒரு நாள், ஒரு வேளை எடுத்த மாதிரி பாதி உண்மையைத்தான் சொல்லும். ஏற்றத்திலும் எடு, வற்றத்திலும் எடு. கோடையிலும் எடு, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னும் எடு. ஆற்றடிச் சேற்றையும் எடு.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. எங்கே துளை போடுவது? அதைக் கருவி மட்டும் முழுதாகச் சொல்லிவிடாது. எந்த மூலையில் பீப்பாய்களைப் புதைத்தார்கள், எந்த ராத்திரி எந்த வாய்க்காலில் திறந்துவிட்டார்கள் என்பது முதலாளியின் பேரேட்டில் இருக்காது. அங்கே ஷிப்டு பார்த்த தொழிலாளியின் மனதில் இருக்கிறது. வயலில் நாற்று நட்டவளின் காலில் வந்த புண்ணில் இருக்கிறது. நீங்கள்தான் முதல் சாட்சி!

"வாயைத் திறந்தால் வேலை போகும்" என்று ஆலைத் தோழர் அஞ்சுகிறார். "நம் தண்ணீர் போன பிறகு அவர்கள் வேலை எதற்கு?" என்று வயல் தோழர் கோபப்படுகிறார். இருவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 தொழிலாளருக்கு உடன்படிக்கை கிடைத்தது 2016இல். பதினைந்து வருஷம்! நஞ்சை முதலில் சுமந்தது ஊர்க்காரன் அல்ல, தொழிலாளியின் உடம்பு.

2025 ஜூலையில் மத்திய அரசு நஞ்சேறிய இடங்களுக்கென்று விதிகள் வெளியிட்டது. சந்தேகமுள்ள இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலிட வேண்டும். 90 நாளில் முதல் ஆய்வு நடக்க வேண்டும். காகிதத்தில் இருக்கிறது. அதை நடத்திக் காட்டுவது நம் வேலை.

ஊர் ஊராக உட்காருங்கள். முதியவர்களைக் கேட்டு, புதைத்த இடமும் கெட்ட கிணறும் குறித்து வரைபடம் போடுங்கள். தேதி எழுதுங்கள். கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதிரி எடுக்கும்போது கூட நில்லுங்கள். பாட்டிலுக்கு உங்கள் எதிரில் சீல் வைக்கச் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் ஊர்ப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஆய்வு முடியும்வரை நல்ல தண்ணீர் கேளுங்கள்.

பீப்பாய் புதைத்த இடம் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்தால், இன்று இரவே அவரிடம் போங்கள். அவர் போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.