கம்பி எந்த வழியாகப் போகிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் பாடம் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தொழிற்சாலையில் செய்த விமானமல்ல, வீட்டுக் கார் ஷெட்டில் ஒருவர் தம் கையால் கட்டிய விமானம்.

அமெரிக்காவில் இது சட்டப்படி செய்யக்கூடிய வேலை. இவர்களுக்கென்று பால் போபரெஸ்னி என்பவர் 1953இல் விஸ்கான்சினில் ஒரு சங்கம் தொடங்கினார். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வகை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே கட்டியிருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு விதி. விமான விதிக்குள் 'கல்வி' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் உறவுக்காரரைப் பார்த்தது போல் இருந்தது எனக்கு.

அந்தக் கல்வி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். இறக்கையிலிருந்து உடற்பகுதிக்குக் கம்பி கொண்டுவருவது.

கரும்பலகையில் நாம் மின்சுற்று வரையும்போது கம்பி என்பது ஒரு கோடு. கோட்டுக்குத் தடிமன் இல்லை, எடை இல்லை, அது எதன்மேலும் உரசுவதில்லை. கட்டுபவருக்கு அந்தக் கோடு ஒரு பொருள். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை விளக்கு, மின்னும் விளக்கு, தரையிறங்கும் விளக்கு, வேகம் அளக்கும் பிட்டோ குழாயில் பனி உறையாதிருக்க ஒரு சூடேற்றி. இத்தனைக்கும் கம்பி வேண்டும். இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் விலாத் தகடுகளில் ஓட்டை போட்டு, நெளிநெளியான லேசான பிளாஸ்டிக் குழாயைச் செருகுகிறார்கள். கம்பி அதற்குள் ஓடும்.

ஓட்டையை எங்கே போடுவது? இறக்கை வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். நடுவில் அந்தத் தகைவு மிகக் குறைவு. அதனால் நடுப்பகுதி பார்த்து, வடிவமைப்பாளர் அனுமதித்த இடத்தில் மட்டும் துளையிடுவார்கள். துளை வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் தகைவு அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். தகைவு பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கணக்கும் உண்டு. 60 வாட் விளக்குக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் அதற்கே 5 ஆம்பியர் வேண்டும். ஆகவே விமானத்தில் கம்பி தடிக்கிறது, எடை கூடுகிறது. ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும் என்பதால் பல இழைக் கம்பி. வீட்டு வயரிங்கில் போடும் பி.வி.சி. உறை எரிந்தால் நச்சுப்புகை வரும் என்பதால் டெஃப்செல் உறை. மின்னோட்டம் அதிகமுள்ள கம்பியைத் திசைகாட்டியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஓயர்ஸ்டெட் சோதனையை நாம் மேசைமேல் காட்டுகிறோம். வானத்தில் அதே சோதனை நடந்தால் விமானி தவறான திசையில் போவார்.

உண்மையான சிக்கல் இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான். இறக்கை தனியாக, உடல் தனியாகக் கட்டப்படுகின்றன. பெரும்பாலும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகே இரண்டையும் போல்ட் போட்டு இணைப்பார்கள். நடுவில் ஒரு குறுகிய இடைவெளி. அதே இடத்தில் எரிபொருள் குழாயும் காற்றுக் குழாயும் வருகின்றன. பக்கத்திலேயே இறக்கையின் ஐலரானை அசைக்கும் தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது. தொங்கும் கம்பி அந்தத் தண்டில் சிக்கினால் விமானம் விமானியின் சொல் கேட்காது. அதனால் கடைசி விலாவைச் சற்றுத் தாண்டியதும் குழாயை நிறுத்திவிட்டு, கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்வு விட்டு, தண்டு எட்டாத இடத்தில் கட்டி உடலுக்குள் நுழைப்பார்கள். அலுமினியத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எரிபொருள் குழாய்க்கு மேலாகத்தான் கம்பி போக வேண்டும், கீழே போனால் கசிவு அதன்மேல் சொட்டும்.

1996இல் நியூயார்க் அருகே போயிங் 747 ஒன்று வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டிக்கு வெளியே கம்பிகளில் ஏற்பட்ட குறுக்குச்சுற்று, எரிபொருள் அளவு காட்டும் கம்பி வழியே உள்ளே போயிருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. கம்பியின் வழி சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த இடைவெளியில் கம்பியை வெட்டி இணைப்பான் வைப்பதா, வெட்டாமல் விடுவதா என்பதில் கட்டுபவர்களிடையே தீராத விவாதம். இணைப்பான் இருந்தால் இறக்கையைக் கழற்றுவது எளிது. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் பழுதாகக்கூடிய இடம். இறக்கையை எத்தனை முறை கழற்றப் போகிறோம்? நான் வெட்டாத கட்சி.

இதை என் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு செருப்புப் பெட்டிகளை வைத்துச் செய்து பார்த்தோம். ஒன்று இறக்கை, ஒன்று உடல். உள்ளே அட்டை விலாக்கள். முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் சுற்றுப்படத்தை அழகாக வரைந்துவிட்டு மூடியை ஒட்டிவிட்டார்கள். பிறகு கம்பி போகவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவன், அப்பா வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறவர், மூடுவதற்கு முன்பே ஸ்ட்ராவுக்குள் ஒரு நூலை விட்டுவைத்திருந்தான். நூலில் கம்பியைக் கட்டி இழுத்தான், விளக்கு எரிந்தது. "கம்பியோட இன்னொரு நூலையும் சேர்த்து இழுக்கணும் சார், அடுத்த தடவைக்கு வேணும்ல" என்றான். ஆர்.வி. கட்டுபவர்களும் அப்படித்தான் நூல் விட்டுவைக்கிறார்கள். அவன் தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் போட இடமில்லை. அகமதிப்பீட்டில் போட்டேன். நீங்களும் போடலாம், விதி தடுக்கவில்லை.

தேநீருக்குப் பிறகு குழுவுக்கு இரண்டு பெட்டி, ஆறு ஸ்ட்ரா, ஒரு எல்.இ.டி., ஒரு மின்கலப் பெட்டி, பசை, நூல்கண்டு தருகிறேன். மூடியை ஒட்டிய பிறகுதான் கம்பி கைக்கு வரும்.