சாய்ப்பு அறையும் வாடைக் காற்றும்

(நீலகிரி மலைக் கிராமம் ஒன்றின் கிராம சபையில் ஆற்றிய உரை)



உறைபனிக் காலம் தொடங்குமுன் வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அதைச் சூழ்ந்த ஹட்டிகளில் டிசம்பர், ஜனவரி மாத விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

முன்னோர் கட்டிய கல் வீட்டில் இக்குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை. கனத்த சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடுகிறது. குடும்பம் பெருகியபோது பின்புறம் சாய்ப்பு இறக்கினோம். மரச் சட்டம், தகரக் கூரை, பலகைச் சுவர், செலவும் குறைவு. ஆனால் அவ்வறையில் படுப்பவர் யார்? பெரும்பாலும் வயோதிகத் தாயும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுமே.

இவ்வறைக்கு முதல் சத்துரு காற்று நுழையும் இடுக்குகளே. காற்று வீசும் நாளில் கதவைச் சாத்தி, ஓர் ஊதுவத்தியை ஏற்றிச் சுவரோரமாக மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை வளைந்தோடும் இடமே நீங்கள் அடைக்கவேண்டிய இடம். பழைய சுவரும் புதிய அறையும் சேருமிடம், தகரத்தின் நெளிவுக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்து, கதவின் அடிப்புறம் ஆகிய மூன்றும் அநேகமாகத் தப்பா.

சுவர் சேருமிடத்தைச் சிமெண்டால் பூசிவிட்டு, மறு வருஷமே வெடித்துவிட்டதென்று கொத்தனாரைக் குறை கூறுவோர் உண்டு. அவர்மேல் பிழையில்லை. இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு. ஒன்று அசையும்போது மற்றது அசைவதில்லை. ஆகவே தென்னை நாரைத் திரித்து இறுகச் செருகி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசுவதே உத்தமம். பழைய கற்சுவர் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் தன் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருப்பது. சிமெண்ட் அதைத் தடுத்துவிடும். ஈரச் சுவர் குளிர்ந்த சுவரே.

அடுத்தது கூரை. சூடான காற்று மேலே செல்லும். தகரமோ அதை நொடியில் வெளியே கடத்திவிடும். தகரத்தின் கீழே பலகையால் உட்கூரை அமைத்து, பலகையின் மேல் பாறைப் பஞ்சு பரப்புங்கள். குளிரைத் தடுப்பது அப்பஞ்சில் அசையாமல் அகப்பட்டிருக்கும் காற்றே. கம்பளியின் இரகசியமும் அதுதான். தெர்மாகோல் மலிவு எனினும் எளிதில் தீப்பற்றும். அடுப்பு உள்ள அறைக்கு அது ஆகாது. பஞ்சுக்கும் தகரத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடம் விட்டு, அவ்விடத்திற்கு மட்டும் இறவாணத்தில் காற்றுப்போக்கு வையுங்கள். இல்லாவிடில் நம் மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுவதாக எண்ணித் தார் பூசிப் பணத்தை வீணாக்கியவர்களை நான் அறிவேன். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாயின் அதைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. உட்கூரையைத் தனிச் சட்டத்தில் தாங்கவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். இதுவரை பலர் அவ்வறையில் கரிக் கணப்பை வைத்துக்கொண்டு உறங்கியிருக்கலாம். ஒன்றும் நேரவில்லை என்றும் சொல்லலாம். அவர்களைக் காப்பாற்றியது நாம் இப்போது அடைக்கப்போகும் அதே இடுக்குகள்தாம்! எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவர் அதையும் உணரார். கதவைச் சாத்திய அறையில் கணப்பு உயிரைக் கொல்லும். ஆகையால் இடுக்கை அடைக்கும் நாளிலேயே கணப்புச் சட்டியை வெளியேற்றிவிட வேண்டும். நெருப்பு அவசியமென்றால், புகைபோக்கியுடன் கூடிய அடுப்பும், அதற்கு வெளிக்காற்று வரும் மூடாத துளையும் வேண்டும். அத்துளையில் துணியைத் திணிக்கவே கூடாது.

நம் அங்கன்வாடியின் பின்னறையும் இத்தகைய சாய்ப்பே. இக்கூட்டம் முடிந்ததும் அங்கே ஊதுவத்தி ஏற்றிப் பார்க்கலாம். ஊராட்சி உறுப்பினர்களும், இங்கு வந்துள்ள கொத்தனார்களும் உடன் வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.