அந்த நாலு நொடி

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நம்ம தப்பே இல்லாமல் ஒரு விபத்து நடக்கிறது. அதற்கு அப்புறம் அதே வேலைக்கு எப்படித் திரும்பப் போவது?

நான் பைலட். சொந்த ஊர் இரணியல், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம். கைத்தறிக்குப் பேர் போன ஊர். அப்பா நெசவாளி. இப்போது லீவில் வீட்டில் இருந்துதான் பேசுகிறேன். பின்னால் டக் டக் என்று சத்தம் கேட்டால் உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை, அது அப்பாவின் தறி.

முதலில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஏர்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் விமானம் எல்லாம் மூக்குக்குக் கீழே சின்னச் சக்கரம், நடுவில் பெரிய சக்கரங்கள் என்று நிற்கும். டெயில்டிராக்கர் அப்படி இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். ஒரு காலத்தில் இதுதான் சாதாரண விமானம். அதனால்தான் இந்த அமைப்புக்கு இன்றைக்கும் ‘கன்வென்ஷனல் கியர்’ என்றே பெயர். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் இந்த வகைதான். 1935 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு முதல் தபால் விமானம் கிளம்பியபோது எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. அந்த விமானமும் வாலை ஊன்றி நிற்கிற ஜாதிதான். நம் ஃப்ளையிங் கிளப்புகளில் பல வருஷம் ஓடிய எச்.ஏ.எல். புஷ்பக்கும் அப்படியே.

இதில் என்ன சிக்கல்? சூப்பர் மார்க்கெட் டிராலியை நேராகத் தள்ளினால் சமத்தாகப் போகும். அதையே திருப்பி, பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி வேகமாகத் தள்ளிப் பாருங்கள். சட்டென்று சுழன்றுவிடும். டெயில்டிராக்கர் தரையில் ஓடும்போது அதே கதைதான். விமானத்தின் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் இடது பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கிற கனம் முன்னால் வரப் பார்க்கும். திரும்பத் திரும்ப அந்தத் திருப்பம் பெரிதாகும். காலால் ரட்டரை மிதித்து உடனுக்குடன் அடக்கவில்லை என்றால் விமானம் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்பார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இறக்கை நுனி, சக்கரக் கால், சில சமயம் புரொப்பல்லர் போகும்.

அமெரிக்காவில் 1991 ஏப்ரல் 15-க்கு முன் டெயில்டிராக்கரில் பைலட்டாகப் பறந்த கணக்கு லாக் புக்கில் இல்லாத எல்லோரும் இதற்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்றுநர் லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை மணிநேரம் என்று கணக்கு கிடையாது. “இவள் தனியாகப் போகலாம்” என்று அவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். நான் அங்கே ஒரு சின்ன விமானத்தளத்தில் அந்தக் கையெழுத்தை வாங்கினேன். பெயர் வேண்டாம்.

வாங்கி மூன்றாவது வாரம். தனியாகப் பறந்துவிட்டு இறங்கினேன். அமைதியான காலை, காற்றே இல்லை. மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. வேகம் குறைந்துகொண்டு வருகிறது. பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கால் என்ன மிதித்தாலும் விமானம் கேட்கவில்லை. இடது பக்கம் சுழன்றது, வலது இறக்கை நுனி தரையில் உரசியது, புழுதி, அப்புறம் அமைதி. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. புரொப்பல்லரும் தப்பித்தது.

மெக்கானிக் வாலைக் கழற்றிப் பார்த்தார். வால் சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் பாதி பளபள என்று புதிதாக இருந்தது, பாதி துரு ஏறி இருந்தது. அதாவது விரிசல் பழையது. அதுவும் கிளாம்புக்கு உள்ளே, கழற்றாமல் யாருக்கும் தெரியாத இடத்தில். காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: பைலட் காரணம் இல்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். “மக்ளே, ஒனக்கு ஒண்ணும் இல்லேல்லா? அப்போ பிளேன் கெடக்கட்டு” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “இனி போகாண்டாம்.” ஆனால் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, இல்லையா? அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பறக்கிற மணிக்கணக்கு ஏறினால்தான் வேலை, வேலை வந்தால்தான் பத்திரம்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான். “உன் தப்பு இல்லையே, அப்புறம் என்ன? உடனே ஏறிடு.” மூன்றாம் நாள் வேறொரு விமானம் தந்தார்கள். ரன்வே வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனேன். கால் நடுங்கியது. திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் காரணங்கள். இன்றைக்குக் காற்று சரியில்லை, நாளைக்குத் தலைவலி. ஒரு மாதம் இப்படிப் போனது.

ஏன் அப்படி என்று பின்னால்தான் புரிந்தது. ‘உன் தப்பு இல்லை’ என்பது ஆறுதல் வார்த்தை மாதிரித் தெரியும். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. என் தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இரும்பு முறிந்ததற்கு நான் எதைத் திருத்துவது? அடுத்த தடவையும் எல்லாம் சரியாகச் செய்வேன், அடுத்த தடவையும் அது முறியலாம். பைக்கில் போகும்போது வேறொருவன் வந்து இடித்து விழுந்தவர்களுக்கு இது தெரியும். இத்தனைக்கும் அவர்களிடமும் “உன் மேல தப்பில்லப்பா” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். வாழ்க்கை முழுக்க வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். அந்த வேலைக்கான விமானங்கள் பெரும்பாலும் டெயில்டிராக்கர்தான். தைரியம் சொல்லவில்லை, முதுகில் தட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டார்: “உனக்கு எந்த நொடியில் பயம்?”

எல்லாமே பயம் என்றேன். “இல்லை, யோசித்துச் சொல்” என்றார். யோசித்தேன். கிளம்புவதில் பயம் இல்லை. மேலே பறப்பதில் இல்லை. இறங்கி வருவதிலும், சக்கரம் தொடும் நேரத்திலும்கூட இல்லை. தொட்ட பிறகு வேகம் குறையும்போது ஒரு கட்டம் வரும். ரட்டர் வேலை செய்யக் காற்றோட்டம் போதாது, இனி வால் சக்கரம்தான் விமானத்தைத் திருப்ப வேண்டும். ஒன்று கைவிட்டு இன்னொன்று பிடிக்கிற அந்த இடம். ஒரு நாலு நொடி இருக்கும். “சரி, நாலு நொடிதானே. அதை மட்டும் பழகலாம்” என்றார்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “பின்ன? ஒரு இழை அறுந்தா பாவு முழுக்கவா கழட்டுவாங்க? அறுந்த எடத்தத் தேடணும்.”

பயிற்சி இப்படிப் போனது. முதல் நாள் பறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் தரையில் வளைந்து வளைந்து ஓட்டினோம். இரண்டாம் நாள் ரன்வேயில் வேகமாக ஓடி, வாலைத் தூக்கி, திரும்ப இறக்கி, நிறுத்துவது. அந்த நாலு நொடி மட்டும், திரும்பத் திரும்ப. அவர் பின் சீட்டில். மூன்றாம் நாள்தான் மேலே போனோம். அவர் சொல்லித் தந்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கண் ரன்வேயின் மறுமுனையில் இருக்கட்டும். மூக்குக்குப் பக்கத்தில் பார்த்தால் விமானம் திரும்புவது தாமதமாகத்தான் தெரியும். கால் சும்மா இருக்கக் கூடாது. ஸ்டிக் கடைசி வரை பின்னால். என்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வரை பறப்பது முடியவில்லை என்று வைத்துக்கொள்.

முக்கியமானது இன்னொன்று. ஸ்பிரிங் மறுபடி முறிந்தால்? அந்தக் கேள்வியை அவர் தள்ளிவிடவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். விமானத்தின் வேக ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 மைலில் தொடும் விமானத்துக்கு 10 மைல் எதிர்காற்று இருந்தால் தரையில் 40 மைல் வேகம்தான். 50-ஐ 50-ஆல் பெருக்கினால் 2500, 40-ஐ 40-ஆல் பெருக்கினால் 1600. அடக்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் குறைந்துவிடுகிறது. இரும்பு முறிவது என் கையில் இல்லை. ஆனால் காற்றுக்கு எதிராக இறங்குவது, நீளமான, அகலமான ரன்வேயைத் தேர்ந்தெடுப்பது, பக்கக் காற்று அதிகம் என்றால் வேறு தளத்துக்குப் போவது, பிரேக்கை ஒரு பக்கம் மட்டும் அழுத்தித் திருப்பப் பழகுவது எல்லாம் என் கையில் இருக்கிறது. ‘நான் எதைத் திருத்துவது’ என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

பக்கக் காற்று என்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் டூவீலரில் போனவர்களுக்குத் தெரியும். நேராகத்தான் போவோம், ஆனால் வண்டி சாய்ந்திருக்கும். டெயில்டிராக்கர் இறங்கும்போதும் காற்று வரும் பக்கம் இறக்கையைச் சாய்த்து அப்படித்தான் வர வேண்டும். எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். முதல் 20 லேண்டிங்குக்கு 5 நாட்டுக்கு மேல் பக்கக் காற்று இருந்தால் போவதில்லை. அடுத்த 20-க்கு 8 நாட்.

அவர் சொல்லி ஒரு நோட்டும் வைத்தேன். ‘பயந்தேன்’, ‘நன்றாக இருந்தது’ என்றெல்லாம் எழுதக் கூடாது. காற்று எவ்வளவு, நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளித் தொட்டேன், நிற்கும்போது எத்தனை அடி. அவ்வளவுதான். 40 லேண்டிங் ஆனபோது நோட்டைப் புரட்டினேன். 37 தடவை நடுக்கோட்டுக்கு 5 அடிக்குள். அன்றைக்கும் எனக்குள் தைரியம் என்று ஒன்று தனியாக வந்து உட்காரவில்லை. ஆனால் நோட்டில் இருந்ததோடு என்னால் வாதாட முடியவில்லை. நம்பிக்கை முதலில் வந்து, அப்புறம் வேலை செய்வோம் என்று காத்திருந்தால் நான் இன்னும் அந்த ரன்வே வாசலில்தான் நின்றிருப்பேன். பின் சீட்டில் ஒருவர், பக்கத்தில் ஒரு நோட்டு, சின்னச் சின்ன வேலை. நம்பிக்கை அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1937 மார்ச் 20 அன்று, உலகத்தைச் சுற்றக் கிளம்பிய அமேலியா ஏர்ஹார்ட்டின் விமானம் ஹொனலூலுவில் கிளம்பும் ஓட்டத்திலேயே கிரவுண்ட் லூப் ஆனது. அதுவும் வால் சக்கர விமானம்தான். கப்பலில் ஏற்றி, தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணினார்கள். ஜூன் 1 அன்று மயாமியிலிருந்து, திசையையே மாற்றி, மறுபடி கிளம்பினார். கராச்சி, கல்கத்தா வழியாகப் போனார். ஜூலை 2 அன்று பசிபிக்கில் காணாமல் போனார் என்ற முடிவு எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதில் முக்கியம் நடுவில் இருக்கிற இரண்டு மாதம். உடனே ஏறிவிடவில்லை. விமானத்தைச் சரிபண்ண நேரம் எடுத்தார்கள், பருவநிலை மாறிவிட்டதால் திட்டத்தையே திருப்பிப் போட்டார்கள். ஆளுக்கும் அந்த மாதிரி நேரம் கொடுக்கலாம், தப்பில்லை.

நான் முன்னால் சொன்ன ஜே.ஆர்.டி. டாடா 1982-இல், தன் 78-வது வயதில், லெப்பர்ட் மாத் விமானத்தில் அதே கராச்சி–பம்பாய் வழியை மறுபடி தனியாகப் பறந்தார். அதுவும் டெயில்டிராக்கர். இத்தனை வயதிலும் அந்த நாலு நொடியை அவரும் கடந்துதான் இறங்கியிருப்பார்.

“இப்போ பயம் போயிடுச்சா?” என்று கேட்பீர்கள். போகவில்லை. இடம் மாறிவிட்டது. முன்பு ரன்வேயில் காலில் இருந்தது. இப்போது பறப்பதற்கு முன்னால் வால் பக்கம் குனிந்து, டார்ச் அடித்து, ஸ்பிரிங்கைக் கையால் தடவிப் பார்க்கும்போது இருக்கிறது. அங்கே இருந்தால் அது எனக்கு உதவிதான். அந்தக் கிளாம்புக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் அதை இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். கேட்கும்போது சங்கடமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

நீங்கள் பைலட்டாக இருக்க வேண்டியதில்லை. பைக், மேடை, இன்டர்வியூ, ஆபரேஷன் முடிந்து மறுபடி நடப்பது, எதுவாக இருந்தாலும் “எனக்கு எல்லாமே பயம்” என்று தோன்றினால், அந்தப் பெரியவர் கேட்டதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். எந்த நொடி? பதில் பெரும்பாலும் ரொம்பச் சின்னதாக இருக்கும். அதற்கு மட்டும் ஒரு ஆளையும் ஒரு நோட்டையும் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் நாலு நொடி எது என்று எழுதி அனுப்பினால் படிப்பேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.