பந்து யார் கையில், விசில் யார் வாயில்

(காரைக்கால் தருமபுரத்தில் நடந்த மாணவர், இளைஞர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலேருந்து நிலம், கூலி, வன்கொடுமை வழக்குன்னு பேசிக்கிட்டிருக்கோம். இப்ப ஒருத்தன் வந்து கூடைப்பந்தப் பத்திப் பேசப்போறான்னா சிரிப்பு வரத்தான் செய்யும். ‘சோத்துக்கே வழியில்ல, இதுல பந்து வேறயா’ன்னு சாப்பாட்டு நேரத்துல ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை நேராகச் சொல்வதைவிட ஒரு மனுசனுடைய கதையைச் சொல்கிறேன். ஆட்டக்காரருடைய கதை இல்லை. ஆட்டம் சொல்லிக்கொடுத்த கல்லூரிப் பயிற்சியாளருடைய கதை. பெயர் ஜான் மெக்லெண்டன். அமெரிக்கக் கறுப்பர்.

1915இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கூடைப்பந்துப் பயிற்சியாளராவது என்று முடிவு செய்துவிட்டார். 1933இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891இல் கூடைப்பந்து ஆட்டத்தையே உண்டாக்கிய ஆள். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்கலாம், ஆனால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடக் கூடாது. ஏன்? கறுப்பர். வகுப்புக்குள்ளே உட்காரலாம், தளத்துல கால் வைக்கக் கூடாது. நமக்கு இது புதுசா என்ன?

இன்னொன்று. உடற்கல்விப் பட்டம் வாங்க நீச்சல் கட்டாயம். நீச்சல் குளமோ வெள்ளையருக்கு மட்டும். மெக்லெண்டன் போய் இறங்கினார். அவர் ஏறி வந்ததும் குளத்துத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்புறம் நிர்வாகம் ஒரு சமாதானம் பேசியது: நீ நீந்தவே வேண்டாம், தேர்ச்சி போட்டுத் தருகிறோம். கவனிங்க தோழர்களே, எவ்வளவு பெருந்தன்மை! மார்க்கும் தருவான், பட்டமும் தருவான், தண்ணிய மட்டும் தொடாதே. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீந்தித்தான் தேர்ச்சி பெறுவேன் என்று நின்றார். நெய்ஸ்மித்தும் அவர் பக்கம் நின்றார். கடைசியில் குளம் திறந்தது. 1936இல் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான்.

இதுக்குச் சில வருசம் முன்னாடி, 1927 மார்ச்சில், மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் பின்னால் குடித்தார்கள். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணி, கோமியம், பால், தயிர் கலந்து நூற்றெட்டுக் குடம் ஊற்றி, மந்திரம் ஓதிக் குளத்தைச் சுத்தம் பண்ணினார்கள். அங்கே வடித்தான், இங்கே ஊற்றினான். வெள்ளைக்காரனுக்குச் சாணி கிடைக்கலியோ என்னவோ.

நிறவெறியும் சாதியும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. அதில் வேறுபாடு நிறைய உண்டு. ஆனால் நம்மாட்களுக்கு அவர்கள் அந்நியர் இல்லை. 1946இல் அம்பேத்கரே தூபாய்சுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் சிறுத்தை என்று பெயர் வைத்துக்கொண்டது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கதைக்கு வருகிறேன். 1937இல் வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் கறுப்பர்களுக்கென்று இருந்த கல்லூரிக்கு வேலைக்குப் போனார். 1940இல் தலைமைப் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் கூடைப்பந்து நின்று நிதானமாக, பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடும் ஆட்டம். இவர் பையன்களை ஓட வைத்தார். பந்து கைக்கு வந்த நொடியில் எதிர்க் கூடையை நோக்கிப் பாய்ச்சல். எதிராளி கையில் பந்து இருந்தால் பாதித் தளத்தில் காத்திருக்காமல் தளம் முழுக்க நெருக்குவது. முன்னிலையில் இருக்கும்போது நாலு பேரை நாலு மூலையில் நிறுத்தி, நடுவில் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை அலையவிடும் முறை. இன்றைக்கு நீங்கள் டிவியில் பார்க்கும் வேகமான கூடைப்பந்து இருக்கே, அதை உண்டாக்கியவர்களில் இவர் முக்கியமானவர். நாலு மூலை ஆட்டத்துக்கோ, பின்னால் அதைப் பரப்பிய வெள்ளைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் பெயர்தான் ரொம்ப நாள் நின்றது.

இந்த இடத்தில் உங்க ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் இந்தத் தருமபுரம். தாழ்த்தப்பட்ட பாணர் குலம். சம்பந்தர் பாடப்பாட ஊர் ஊராக உடன் போய் யாழ் வாசித்தவர். இங்கே வந்தபோது அவருடைய சொந்தக்காரர்கள், உன் யாழால்தான் அந்தப் பாட்டுக்கே பெருமை என்றார்களாம். ஒரே ஒரு வார்த்தை! உடனே பாணர் பதறிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள் என்று சம்பந்தரையே கேட்கிறார். அவர் பாடுகிறார், யாழ் தோற்கிறது, பாணர் யாழை உடைக்கப் போகிறார், சம்பந்தர் தடுக்கிறார். சாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். பக்தியாகப் படித்தால் கண்ணீர் வரும். நான் வேறு மாதிரி படிக்கிறேன். பெருமையில் பாணனுக்கும் பங்குண்டு என்று சொன்ன அந்த உறவுக்காரர்களுக்குப் புராணத்தில் பெயர்கூட இல்லை. அவர்கள் பக்கம்தான் நான்.

சரி. 1944ஆம் வருசத்துக்கு வருவோம். மெக்லெண்டன் அணி அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தது. அதே ஊரில் டியூக் என்ற பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகம். அதன் மருத்துவக் கல்லூரி அணியில் வெவ்வேறு கல்லூரிகளில் ஆடித் தேர்ந்தவர்கள் போர்க்காலப் படிப்புக்காக வந்து சேர்ந்திருந்தார்கள். யார் பெரியவன்? தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டு நிறத்தவர் சேர்ந்து ஆடுவது அங்கே நடக்கவே கூடாத காரியம்.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம். வெள்ளை மாணவர்கள் இரவல் கார்களில் சுற்றுவழியாக வந்து, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் கிடையாது. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் நடுக்கம். பந்து கைநழுவுகிறது. அப்புறம் மெக்லெண்டன் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். 88க்கு 44! முடிந்ததும் வெள்ளைப் பையன்கள் கிளம்பிப் போகவில்லை. இரண்டு அணியையும் கலந்து பிரித்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். கறுப்பர் பத்திரிகைக்காரர் ஒருவருக்கு விசயம் தெரியும். அவரும் எழுதவில்லை. 1996இல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதும்வரை ஐம்பத்திரண்டு வருசம் இது வெளியே வரவில்லை.

இதை வீரம்னு சொல்லலாமா? கதவைப் பூட்டிக்கிட்டு ஆடினது என்ன போராட்டம்? மகாடில் பட்டப்பகலில் ஊர்வலமாகப் போனோமே! இந்தக் கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன். அதே டர்ஹாமில், அந்த ஆட்டம் முடிந்து நான்கே மாதத்தில், புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்புச் சிப்பாய் பேருந்தில் பின்னிருக்கைக்குப் போகச் சொன்னதற்கு எதிர்த்துப் பேசினார் என்பதற்காக ஓட்டுநர் சுட்டுக் கொன்றான். உடம்பில் ராணுவச் சீருடை. வெள்ளை ஜூரி ஓட்டுநரை விடுதலை செய்தது. அந்த ஊரில் பத்துப் பையன்களின் உயிருக்குப் பொறுப்பான வாத்தியார் கதவைப் பூட்டாமல் என்ன செய்வார்? பூட்டிய கதவுக்குள் நடந்தது யாருக்கும் உரிமை வாங்கித் தரவில்லை. உண்மை. ஆனால் அந்தப் பையன்களுக்கு ஒன்று தெரிந்துபோனது. அதை யாராலும் திருப்பி வாங்க முடியாது.

அவர் எப்போதும் ஒளிந்தே இருந்தவரும் இல்லை. 1954இல் டென்னசி மாநிலக் கறுப்பர் கல்லூரிக்குப் போனார். கான்சாஸ் நகரத்தில் தேசியப் போட்டி. வெள்ளை அணிகள் தங்கும் அதே விடுதி, அதே சாப்பாட்டுக் கூடம், இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று நிபந்தனை போட்டார். கொடுத்தார்கள். 1957, 58, 59 மூன்று வருசமும் தொடர்ந்து தேசியப் பட்டம். அதுவரை எந்தக் கல்லூரியும், வெள்ளையோ கறுப்போ, அப்படி வாங்கியதில்லை. பிறகு கிளீவ்லாந்தில் தொழில்முறை அணி. அங்கே உரிமையாளரோடு வீரர்களின் சம்பளப் பிரச்சினையில் மோதி 1962இல் விலகினார். 1966இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அமர்த்தியது. வெள்ளையர் பெரும்பான்மையாகப் படித்த பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்புத் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று! 1969இல் டென்வர் அணிக்குப் போனார். 28 ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

கூடைப்பந்துப் புகழ்க்கூடம் 1979இல் அவர் பெயரைச் சேர்த்தது. எப்படி? பயிற்சியாளராக இல்லை, ‘ஆட்டத்துக்குப் பங்களித்தவர்’ என்று. 1999இல் இறந்தார். பயிற்சியாளர் என்று சேர்த்தது 2016இல்.

ஏன் இவ்வளவு விவரம் சொன்னேன்னா, ஆட்டத்தில் நம்மைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, ஆட்டத்தை நடத்த விடுவது வேறு. பால்வாங்கர் பாலுவை எடுத்துக்கங்க. சமார் சாதி. புனேயில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார், மட்டையைத் தரமாட்டார்கள். இந்து அணிக்கு ஆடும்போது மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள், தேநீர் மட்டும் வெளியே தனி மண் குவளையில். 1911இல் இங்கிலாந்தில் நூறுக்கு மேல் விக்கெட். தலைவராக மட்டும் ஆக்கவே இல்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது, அதுவும் சண்டை போட்டு. ஓடு, குதி, வியர்வை சிந்து, கோப்பையை வாங்கிக் கொடு. யார் ஆடுவது, யார் உட்காருவது என்று முடிவு செய்கிற நாற்காலி மட்டும் உனக்கு வேண்டாம். பறையடிப்பவன் திருவிழாவுக்கு நாள் குறிக்க முடியாத ஊர்தானே இது.

சென்னை நந்தனத்தில் இருக்கிற உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ. நடத்துவது. கூடைப்பந்தும் அந்தச் சங்கத்தின் வழியாக வந்ததுதான். கபடிக்கு மண் போதும், வாலிபாலுக்கு ரெண்டு கம்பம் போதும், சேரியிலேயே ஆடிக்கலாம். கூடைப்பந்துக்குச் சிமெண்டுத் தளம் வேணும், பலகை வேணும், வளையம் வேணும். அதனால அது எப்பவும் கேட்டுக்குள்ள இருக்கு. சாவி ஒருத்தர் இடுப்புல இருக்கு. அந்த ஒருத்தர் யாரு?

அதைத்தான் கேட்கச் சொல்கிறேன். 2005ஆம் வருசத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். காரைக்கால் அரசுக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர், பயிற்சியாளர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியவை எத்தனை, நிரப்பியவை எத்தனை, எந்த வருசத்திலிருந்து காலி, வீரர் தேர்வுக் குழுக்களில் யார் யார், இந்த ஐந்து கேள்வியும் எழுதிய மனு அந்த மேசைமேல் இருக்கிறது. ஒருத்தர் பெயரில் போனால் போதும். வேலை தேடிக்கொண்டிருக்கிற தோழர்கள் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், நாளைக்கு அவங்களுக்குத்தான் தொல்லை. வயசானவங்க யாராவது முன்வாங்க.