அயல்நாட்டில் அவசரமா? 112

மலேசியாவின் தஞ்சோங் கிளிங்கில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், வீட்டார் உடனே 999-ஐ அழைப்பார்கள். அதே குடும்பம் பழனிக்குப் போன இடத்தில் வலி வந்தால்?

இந்தியாவின் அவசர எண் 112. காவல், தீயணைப்பு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112. மலேசியாவில் கைப்பேசியில் 112 அழுத்தினால், அழைப்பு 999 சேவைக்கே போகும். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108-ஐயும் அழைக்கலாம்.

பேசும்போது முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தங்கும் விடுதியின் பெயர், தெரு, பக்கத்திலுள்ள கோயில். பிறகு என்ன நடந்தது என்று சொல்லலாம்.

கடப்பிதழ் தொலைந்தால்? முதலில் காவல் நிலையத்தில் புகார். அடுத்து, சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகம்.

புறப்படும் முன்பே 112, 108 இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பாட்டியின் கைப்பையிலும் ஒன்று வைத்துவிடுங்கள்.